60ம் 60ம் ஒண்ணு இல்லையா?

கேள்வி: பேரன் விடியக்காலைல எந்திரிச்சு அமெரிக்கா பேஸ்கட்பால் பாக்குறான், காபிய வச்சுக்கிட்டு நானும் கூட உக்காந்துருவேன். நேத்து, "அப்பத்தா, 60 பாயிண்ட்டும் 60 பாயிண்ட்டும் ஒண்ணு இல்ல"ங்கிறான். வீட்டு வரவுசெலவு பூரா எழுதுறவ நான், அதெப்படி ஒண்ணு இல்லாமப் போகும்?
- வாசகி, தேவகோட்டை

பதில்: ஆச்சி, பேரன் சொல்றது சரிதான். 2016 ஏப்ரல்ல கோபி பிரையன்ட் தன்னோட கடைசி மேட்ச்ல 60 எடுத்தாரு, அதே வருஷம் டிசம்பர்ல கிளே தாம்சனும் 60. ஆனா கோபி எறிஞ்சது 50 ஷாட், விழுந்தது 22. கிளே எறிஞ்சது 33, விழுந்தது 21, அதுவும் 29 நிமிஷம்தான் ஆடுனாரு. வரவ மட்டும் பாத்து லாபம்னு எழுதிருவீங்களா, முதல் எவ்வளவு போட்டோம்னு பாப்பீங்கல்ல, இங்க ஷாட்டுதான் முதல்.

ஃப்ரீ த்ரோவயும் சேக்கணும், அதாவது எதிராளி ஃபவுல் பண்ணுனா யாரும் தடுக்காம எறியக் கெடைக்கிற வாய்ப்பு. பெரும்பாலும் ரெண்டு ரெண்டா வரும், சில நேரம் கூடை விழுந்த பெறகு ஒண்ணு தனியா கெடைக்கும், அதனால ஒவ்வொண்ணையும் 0.44 ஷாட்டுன்னு வச்சுக்கிறாக. கோபிக்கு ஃப்ரீ த்ரோ 12, கிளேக்கு 11. இத ஷாட்டோட கூட்டி, ரெண்டால பெருக்கி, அதால பாயிண்ட்ட வகுத்தா கோபிக்கு 54 சதவீதம், கிளேக்கு 79. இதுக்குப் பேரு ட்ரூ ஷூட்டிங், பென்சில் எடுத்துப் போட்டுப் பாருங்க.

அதுக்காக கோபியக் கொறைச்சுச் சொல்ல எனக்கு மனசு வரல. 20 வருஷம் ஒரே டீம்ல ஆடுன மனுஷன், கடைசி நாளு, கூட்டம் பூரா அவர எறியச் சொல்லிக் கத்துது, மேட்சையும் 101-96ன்னு ஜெயிச்சுக் குடுத்துட்டுத்தான் போனாரு.

ஏட்டுல ஏறாததும் நெறைய இருக்கு ஆச்சி. பேரன் பாக்குற அந்த அமெரிக்கா லீக்கு என்பிஏல, பிளாக்க, அதாவது எதிராளி எறியிற பந்தத் தடுக்குறத, எண்ண ஆரம்பிச்சதே 1973-74 சீசன்லதான். 13 சீசன்ல 11 தடவ சாம்பியன் ஆன பில் ரஸல் 1969லயே ரிட்டயர் ஆயிட்டாரு, அவ்வளவு பந்தத் தடுத்த மனுஷனுக்கு அந்தப் பத்தி காலியாவே கெடக்கு, நெனச்சா இப்பவும் ஆத்தாமையா இருக்கு.

காரைக்குடில ஒரு ஸ்கூல் மேட்ச் பாத்தேன். ஒல்லியா ஒரு பையன், மொத்தமே 4 பாயிண்ட். ஆனா எதிர் டீம்ல நல்லா எறியிற பையன் கையத் தூக்குறப்பல்லாம் இவன் கை மூஞ்சிக்கு முன்னால நிக்குது, அவன் எறிய முடியாம பந்த அடுத்தவனுக்குத் தள்ளித் தள்ளியே ஓஞ்சு போனான். இந்த மாதிரி ஆளுக்குத்தான் பிளஸ் மைனஸ்னு ஒரு கணக்கு. அவன் உள்ள நிக்கிறப்ப நம்ம டீம் எடுத்தது எவ்வளவு, விட்டது எவ்வளவு, கழிச்சா வர்றதுதான். ஒரு மேட்ச்ச வச்சு முடிவு பண்ணாதீங்க, கூட ஆடுறவுக நல்லா ஆடுனாலும் ஏறிரும், பத்துப் பதினஞ்சு மேட்ச்சுக்கு எழுதுங்க. பேரன் யாரு உள்ள போறா வர்றான்னு சொல்லட்டும், நோட்டு உங்க கைல இருக்கட்டும்.