க்யூஎமுவில் ஓடுகிறது, பென் டிரைவில் ஓடவில்லை: பணம் கொடுக்கும் முன் 62 பைட் தள்ளிப் பாருங்கள்

கேள்வி: அசெம்பிளியில் ஒரு குட்டி கெர்னல் (ஓஎஸ்ஸின் மையப் பகுதி) எழுதிப் பழகுகிறேன். நாஸ்ம் என்ற அசெம்பிளரில் எழுதிய 512 பைட் பூட் செக்டர், அதாவது டிஸ்க்கின் முதல் செக்டர், அடுத்த சில செக்டர்களை ஏற்றி அங்கே தாவும், அவ்வளவுதான். கணினியைப் போல நடிக்கும் க்யூஎமு மென்பொருளில் அழகாக ஓடுகிறது. அதையே பென் டிரைவில் எழுதிப் பழைய லேப்டாப்பில் செருகினால் கறுப்புத் திரை, மூலையில் கர்சர் மட்டும் மின்னுகிறது. எந்த மெஷினிலும் கெர்னலை ஏற்றி ஓட்டும் ரெடிமேட் பூட்லோடர் தருகிறேன் என்று ஒருவர் பணம் கேட்கிறார். வாங்கலாமா?

பதில்: வாங்காதீர்கள். உங்கள் கெர்னலில் பிழை இருக்கலாம், ஆனால் இந்தக் கறுப்புத் திரைக்குக் காரணம் பெரும்பாலும் அது இல்லை. கெர்னல் வரைக்கும் கதை போகவே இல்லை என்றுதான் நினைக்கிறேன்.

முதலில் ஒரு சின்னச் சோதனை. இப்போதைய கோடை ஓரமாக வைத்துவிட்டு, பூட் செக்டரின் தொடக்கத்தில் வெறும் எட்டு பைட் எழுதுங்கள். ஏஎச் ரெஜிஸ்டரில் ஹெக்ஸ் 0ஈ, ஏஎல்-இல் ஆங்கில எழுத்து ஏ, பிறகு இன்ட் ஹெக்ஸ் 10 (அந்த எழுத்தைத் திரையில் காட்டச் சொல்லி, கணினியைத் தொடங்கிவைக்கும் மென்பொருளான பயாஸிடம் கேட்பது), அதற்கப்புறம் தன்னைத்தானே சுற்றும் ஒரு ஜம்ப். செக்டரின் கடைசி இரண்டு பைட் வழக்கம்போல, இது பூட் செக்டர்தான் என்று பயாஸுக்குச் சொல்லும் 55, ஏஏ. இதில் டேட்டா இல்லை, ஸ்டாக் கவலை இல்லை, செக்மென்ட் கவலையும் இல்லை. திரையில் ஏ வந்தால் பயாஸ் உங்கள் செக்டரை மெமரியில் 7சி00 என்ற இடத்தில் ஏற்றி அங்கே தாவிவிட்டது என்று பொருள், தன் வேலையைச் செய்துவிட்டது. வரவில்லையென்றால் கோடை நோண்டவே நோண்டாதீர்கள், பெரும்பாலும் செக்டர் சரியான இடத்தில் எழுதப்படவில்லை. டிஸ்க்கில் எழுதும் லினக்ஸின் டிடி கட்டளையில் எஸ்டிபி (முழுப் பென் டிரைவ்) என்று கொடுப்பதற்குப் பதில் எஸ்டிபி1 (அதன் முதல் பார்ட்டிஷன்) என்று கொடுத்திருப்பீர்கள், அது பார்ட்டிஷனுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும், பயாஸ் அங்கே எட்டிக்கூடப் பார்க்காது. எஸ்டிஏ என்று கொடுத்துத் தன் ஹார்ட் டிஸ்க்கையே அழித்துக்கொண்டவர்களும் உண்டு, அதனால் ஒவ்வொரு முறையும் டிஸ்க்குகளைப் பட்டியலிடும் எல்எஸ்பிஎல்கே கட்டளையை ஓட்டிப் பென் டிரைவின் அளவைப் பார்த்துவிட்டு எழுதுங்கள். எனக்கு இருபது தடவை பழக்கம் என்பவர்தான் இருபத்தோராவது தடவை அழிப்பார்.

சரி, ஏ வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். இனி சந்தேகம் இரண்டே இடத்தில்.

முதலாவது டிஎஸ், டேட்டா மெமரியின் எந்தப் பகுதியில் இருக்கிறது என்று சொல்லும் செக்மென்ட் ரெஜிஸ்டர். ஆர்க் 7சி00 என்று மேலே எழுதிவிட்டால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். அது நாஸ்முக்குச் சொல்லும் செய்தி, பிராசஸருக்கு அது தெரியாது. உங்கள் எழுத்துச் சரத்தின் முகவரி சரியாக வர டிஎஸ் பூஜ்யமாக இருக்க வேண்டும். க்யூஎமுவில் தற்செயலாகப் பூஜ்யமாக இருக்கும், அதனால் தப்பித்துவிடுவீர்கள். நிஜ பயாஸ் எதை விட்டுவைக்கும் என்று யாரும் உத்தரவாதம் தரவில்லை. ஏஎக்ஸைப் பூஜ்யமாக்கி டிஎஸ், இஎஸ், எஸ்எஸ் மூன்றிலும் போடுங்கள், எஸ்பி-யை 7சி00 ஆக்குங்கள், சரத்தைப் பைட் பைட்டாகப் படிக்கும் லாட்ஸ்பி பயன்படுத்தினால், முன்னோக்கிப் படிக்க சிஎல்டி போடுங்கள். சில பயாஸ்கள் 0:7சி00 என்று தாவாமல் 07சி0:0 என்று தாவும், இரண்டும் ஒரே இடம்தான் என்றாலும் கோடுக்கான செக்மென்டான சிஎஸ் மாறிவிடும், ஆகவே தொடக்கத்திலேயே செக்மென்டையும் சேர்த்துச் சொல்லித் தாவும் ஒரு ஃபார் ஜம்ப் போட்டு அதையும் பூஜ்யமாக்கிவிடுங்கள். டிஎல்-ஐ மட்டும் தொடாதீர்கள், எந்த டிரைவிலிருந்து பூட் ஆனது என்ற எண்ணை பயாஸ் அதில்தான் தருகிறது. நிறையப் பேர் அங்கே 80 அல்லது 0 என்று கையால் எழுதிவிட்டு, டிஸ்க் படிக்கவில்லையே என்று புலம்புகிறார்கள்.

இரண்டாவதுதான் ஆளைக் கொல்வது, உங்களுடையதும் இதுவாகத்தான் இருக்கும். பென் டிரைவைப் பார்த்ததும் பல பழைய பயாஸ்கள் அதை ஃபிளாப்பி என்று நினைத்துக்கொள்ளும். ஃபிளாப்பியின் முதல் செக்டரில் 11-ஆம் பைட்டிலிருந்து ஒரு விவரப் பட்டியல் இருக்கும், அதற்கு பிபிபி என்று பெயர். ட்ராக்குக்கு எத்தனை செக்டர் என்பது 24-ஆம் பைட்டில், எத்தனை ஹெட் என்பது 26-ஆம் பைட்டில், டிரைவ் எண் 36-ஆம் பைட்டில், எல்லாம் பூஜ்யத்திலிருந்து எண்ணிய கணக்கு. இந்த பயாஸ் என்ன செய்கிறது என்றால், செக்டரை மெமரியில் ஏற்றிய பிறகு, அந்த இடங்களில் தனக்குத் தோன்றிய எண்களைத் தானே எழுதிவிடுகிறது. அங்கே பட்டியல் இருக்கிறதா உங்கள் கோடு இருக்கிறதா என்று பார்ப்பதில்லை. நீங்கள் கஷ்டப்பட்டு எழுதிய லூப்பின் நடுவில் இரண்டு பைட் மாறியிருக்கும், பிராசஸர் எங்கேயோ தாவிப் போய்விடும், திரையில் கர்சர் மின்னிக்கொண்டிருக்கும். கொடுமை என்னவென்றால் மாறியது மெமரியில் இருந்த பிரதி மட்டும்தான். பென் டிரைவைக் கழற்றி ஹெக்ஸ் டம்ப் எடுத்துப் பார்த்தால் ஒரு பைட்கூடப் பிசகாமல் இருக்கும். நான் இதில் ஒரு முழு வாரத்தைத் தொலைத்திருக்கிறேன், பாழாய்ப்போன ஒரு வரி எந்த மேனுவலிலும் கண்ணில் படவில்லை. அந்த எட்டு பைட் சோதனையில் மட்டும் ஏ ஏன் வந்தது? எட்டு பைட்டும் 11-க்கு முன்பே முடிந்துவிட்டன, அதனால்தான்.

மருந்து எளிது. செக்டரின் முதல் மூன்று பைட் ஒரு ஷார்ட் ஜம்ப்பும் எதுவும் செய்யாத ஒரு நாப்பும், ஹெக்ஸில் ஈபி 3சி 90. அடுத்த 59 பைட் பூஜ்யம். 62-ஆம் பைட்டிலிருந்து உங்கள் கோடு. பயாஸ் அந்த 59-க்குள் என்ன கிறுக்கினாலும் உங்களுக்கு நஷ்டமில்லை. கூடவே 446-ஆம் பைட்டில் ஆக்டிவ் என்று ஹெக்ஸ் 80 குறியிட்ட ஒரு பார்ட்டிஷன் பதிவையும் வையுங்கள், அதைப் பார்த்தால் பல பயாஸ்கள் ஃபிளாப்பி வேடத்தை விட்டு ஹார்ட் டிஸ்க்காக நடத்தும். ஆக 512 என்று பெயர்தான், உங்கள் கையில் உண்மையில் இருப்பது 62 முதல் 445 வரையிலான 384 பைட்.

இப்போது அந்த பூட்லோடர் விற்பவர் விஷயம். இப்படிப் பணம் கொடுத்து வாங்கிய கோப்பை ஒருவர் எனக்கு அனுப்பியிருந்தார், முழுக்க அசெம்பிளியில் எழுதிய பிரத்யேக லோடர் என்று அதில் பெருமையாக எழுதியிருந்தது. திறந்து பார்த்தால் கெர்னல் கோப்பின் தொடக்கத்திலேயே 02 பி0 ஏடி 1பி. அது கிரப் போன்ற பூட்லோடர்கள் கெர்னலை அடையாளம் காணப் பார்க்கும் மல்டிபூட் முத்திரை, 1பிஏடிபி002 என்பதைப் பைட் பைட்டாகப் பின்னிருந்து முன்னாக வைத்தது. அதாவது ஏற்றுகிற வேலை முழுவதையும் செய்வது கிரப், யாரும் இலவசமாக எடுத்துக்கொள்ளக்கூடிய, சோர்ஸோடு கிடைக்கிற கிரப். மெனுவில் பெயரை மாற்றிவிட்டு விற்றிருக்கிறார்கள். பதினைந்து நாளில் சொந்த ஓஎஸ் என்று வகுப்பு நடத்துகிறவர்களில் பலர் கடைசி நாளில் தருவதும் இதுதான்.

கிரப்பைப் பயன்படுத்துவது தப்பில்லை, நான் அதைத்தான் சிபாரிசு செய்வேன். உங்களுக்குக் கெர்னல் எழுத ஆசையா, பூட்லோடர் எழுத ஆசையா என்று முதலில் முடிவு செய்யுங்கள். கெர்னல்தான் என்றால் கோப்பின் முதல் 8192 பைட்டுக்குள் அந்த முத்திரை, ஒரு ஃபிளாக், மூன்றையும் கூட்டினால் பூஜ்யம் வருகிற மாதிரி ஒரு செக்சம் என்று பன்னிரண்டு பைட் வையுங்கள். கிரப் உங்களைப் பழைய 16 பிட் நிலையைத் தாண்டி 32 பிட் ப்ராடெக்டட் மோடில் கொண்டுபோய் நிறுத்தும், ஏ20 தொல்லையும் தீர்ந்தது. 1978-இல் வந்த 8086-க்கு இருபது முகவரிக் கம்பிகள் இருந்தன என்பதற்காக, 1984-இல் இருபத்தோராவது கம்பியான ஏ20-ஐக் கீபோர்டு கன்ட்ரோலரோடு கட்டிவைத்தார்கள். மெமரியைத் திறக்கக் கீபோர்டிடம் கெஞ்ச வேண்டிய இந்த ஏற்பாட்டைத் தூக்கிப் போடுவதற்குள் காத்திருந்தவர்களுக்குத் தலை நரைத்துவிட்டது.

புது மெஷினில் முயலும் எண்ணமிருந்தால் ஒன்று. பழைய பயாஸ் போல நடிக்கும் சிஎஸ்எம் இல்லாத, பயாஸுக்குப் பதிலாக வந்த யூஇஎஃப்ஐ மட்டும் உள்ள கணினியில் இந்த 512 பைட் வித்தை எதுவும் எடுபடாது, இப்படிப்பட்ட லோடர் எதுவும் எல்லா மெஷினிலும் ஓடிவிடாது என்பதற்கு அது ஒன்றே போதும்.

62 பைட் தள்ளி எழுதி, டிஎஸ்-ஐச் சரிசெய்து, அப்படியும் வரவில்லையென்றால், பென் டிரைவிலிருந்தே திரும்பப் படித்த முதல் 512 பைட்டின் ஹெக்ஸ் டம்ப்பை அனுப்புங்கள். கறுப்புத் திரையை மொபைலில் படம் எடுத்து அனுப்ப வேண்டாம், அதில் எனக்கும் கறுப்புதான் தெரியும்.