மிருகத்துக்கிட்ட இருந்து பரவுற நோயை ஆராயுற டாக்டர் என்னதான் பண்றார்?

மிருகத்துக்கிட்ட இருந்து மனுஷனுக்குத் தாவுற நோய்தான் விலங்குவழி நோய், ரேபிஸ், நிபா எல்லாம் இதுதான். இதை ஆராயுற டாக்டர் பேஷண்டையும் பாப்பார், லேப்லயும் உக்காருவார், நோய் எங்கிருந்து வருதுன்னும் தேடுவார். ஹால்ல ஒழுகுற தண்ணியைத் துடைச்சா மட்டும் போதுமா, மாடில விரிசல் எங்கன்னு ஏறிப் பாக்கணும்ல. 1998-99ல மலேசியால பன்றிப் பண்ணை ஆளுங்களுக்கு மூளைக்காய்ச்சல் வந்துது, கொசுவால வர்றதுன்னு நினைச்சு மருந்து அடிச்சாங்க, தடுப்பூசி போட்டாங்க, நிக்கவே இல்ல. அப்புறம் சுவா கா பிங்னு ஒரு டாக்டர் நோயாளியோட தண்டுவட நீர்ல இருந்து புது வைரஸைப் பிரிச்சார், அதான் நிபா. பண்ணைக்குப் பக்கத்துலயே பழமரம், பழந்தின்னி வவ்வால் கடிச்சுப் போட்டதைப் பன்றி தின்னிருக்கணும், அங்கிருந்து ஆளுக்கு. அப்போ வவ்வாலைக் கொன்னா முடிஞ்சுதேன்னு சிலர் கேப்பாங்க, அது தப்பு, கொல்லப் போய்க் கலைச்சா அதுங்க சிதறி வேற இடம் போகும், வைரஸும் கூடவே போகும்.