குளிர்காலம் முழுக்க நின்ற மூன்று சக்கர மோட்டார்சைக்கிள் ஏன் திணறுகிறது?

நான்கைந்து மாதம் கொட்டகையில் நின்ற வண்டி ஐடிலில் (ஆக்சிலரேட்டரைத் திருகாமல் என்ஜின் ஓடும்போது) விக்கி விக்கி ஓடுகிறது, ஆக்சிலரேட்டரைத் திருகினால் சரியாகிறது என்கிறீர்கள். என் சந்தேகம் பழைய பெட்ரோல் மீதுதான். எளிதில் ஆவியாகும் பகுதி பறந்துவிட, மிச்சம் பிசினாகப் படிந்து பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்புரேட்டரில், ஐடிலுக்குப் பெட்ரோல் விடும் நுண்துளைத் திருகான பைலட் ஜெட்டை அடைத்துவிடும். ஜெட்டைக் கழற்றி வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள். ஊசிமுனை அளவில் வட்டமான ஒளிப்புள்ளி தெரியாவிட்டால் அடைப்புதான். கம்பி விட்டுக் குத்தாதீர்கள், துளை பெரிதாகிவிடும். கார்புரேட்டர் கிளீனரும் காற்றழுத்தமும் போதும். டேங்கையும் வடித்துப் புதிய பெட்ரோல் ஊற்றுங்கள்.

சூடேறிய பிறகும் சோக்கை (காற்றைக் குறைத்துக் கலவையில் பெட்ரோலைக் கூட்டும் விசை) இழுத்தால்தான் என்ஜின் சீராகிறதா? கலவையில் பெட்ரோல் குறைவு. ஜெட் சுத்தமாக இருந்தால் கார்புரேட்டரை என்ஜினோடு இணைக்கும் இன்டேக் ரப்பரில், கூடுதல் காற்றை உள்ளே விடும் வெடிப்பைத் தேடுங்கள்.

இன்ஜெக்‌ஷன் வண்டியென்றால் (கார்புரேட்டர் இல்லாமல், மின்னணு முறையில் பெட்ரோலைப் பீய்ச்சும் வகை) முதலில் பேட்டரியைப் பாருங்கள். ஓய்வில் 12.4 வோல்ட்டுக்குக் கீழே காட்டினால், சார்ஜ் செய்த பிறகே மற்றதை ஆராயுங்கள். எந்த வகை வண்டியானாலும் ஏர் ஃபில்டர் பெட்டியையும் திறந்து பாருங்கள். ஒருமுறை ஜெட்டையெல்லாம் கழற்றிச் சுத்தம் செய்து ஓய்ந்த பிறகுதான், உள்ளே எலி கட்டியிருந்த பஞ்சுக்கூட்டைக் கண்டேன்.

ஓடும்போது மட்டும் அதிர்வு என்றால் என்ஜினைக் குற்றம் சொல்லாதீர்கள். ஒரே இடத்தில் நின்ற டயர் தட்டையாகியிருக்கும். சரியான அழுத்தத்தில் காற்றடித்துச் சில கிலோமீட்டர் மெதுவாக ஓட்டினால் பெரும்பாலும் சரியாகிவிடும்.