குதிப்பது இருக்கட்டும், முதலில் இடுப்புக்கு ஓர் எக்ஸ்ரே

நீங்கள் குதிக்க வைத்ததால் பையனின் கால் கெட்டுப்போகவில்லை அம்மா. இரண்டு பக்கத்துக்கு நிறையக் கேள்விகள் எழுதியிருக்கிறீர்கள், ஆனால் எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது இந்தப் பயம்தான் என்று எனக்குப் பட்டது, அதனால் இதை முதலில் சொல்லிவிட்டேன். 5 வயதுப் பையன், 7 மாதத்தில் பிறந்தவன், பெருமூளை வாதத்தால் (செரிப்ரல் பால்சி) இரண்டு காலிலும் இறுக்கம், வாக்கர் பிடித்து நடக்கிறான். வீடியோ பார்த்து ஒரு சின்ன டிராம்போலின், அதாவது ஏறிக் குதிக்கும் துள்ளுமேடை, வாங்கி இரண்டு மாதமாகக் குதிக்க வைக்கிறீர்கள். இப்போது மூளை குலுங்கிவிடுமோ, வலிப்பு திரும்புமோ, முட்டியில் சடக்கென்று கேட்கிறதே என்று தூக்கம் போய்விட்டது.

அதையெல்லாம் எழுதிவிட்டு, கடைசியில் பேச்சோடு பேச்சாக ஒரு வரி. குளிப்பாட்டித் துடைக்கும்போது இடது தொடையை முன்புபோல விரிக்க முடியவில்லை, விரித்தால் முகத்தைச் சுளிக்கிறான். கடிதத்தில் என்னை நிறுத்திய வரி இதுதான்.

இடது இடுப்பு மூட்டு மெல்ல நழுவுகிறதா என்று பார்க்க வேண்டும். தொடை எலும்பின் தலை பந்து மாதிரி, அது உட்காரும் குழி கிண்ணம் மாதிரி. பிறக்கும்போது இந்தக் குழந்தைகளுக்கு மூட்டு பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும். அப்புறம் உள்தொடைத் தசைகள் ஓயாமல் உள்பக்கம் இழுக்கின்றன, குழந்தை நேரத்துக்கு நின்று நடக்காததால் கிண்ணமும் ஆழமாக வளர்வதில்லை, பந்து வருடக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே தள்ளப்படுகிறது. மூளையில் ஏற்பட்ட பாதிப்பு வளர்வதில்லை, ஆனால் அதன் விளைவு எலும்பில் வளரும். இதைப் பெற்றோருக்கு யாரும் பொறுமையாகச் சொல்வதில்லை, அதில் எனக்கு உண்மையிலேயே வருத்தம் உண்டு.

இது எவ்வளவு பேருக்கு வருகிறது என்று ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் கணக்கெடுத்து 2006ல் வெளியிட்டார்கள். நடக்கும் திறனை வைத்து இந்தக் குழந்தைகளை ஐந்து நிலையாகப் பிரிப்போம். தானாக ஓடியாடும் முதல் நிலையில் இடுப்பு நழுவல் யாருக்கும் இல்லை, உங்கள் பையனைப்போல வாக்கரோடு நடக்கும் மூன்றாம் நிலையில் 100க்கு 41 பேர், சக்கர நாற்காலியிலேயே இருக்கும் ஐந்தாம் நிலையில் 90 பேர். ஆரம்பத்தில் பெரும்பாலும் வலியே இருக்காது. அதனால்தான் இது தப்பிவிடுகிறது. வலி என்று குழந்தை அழ ஆரம்பிக்கும்போது பல நேரம் பாதிக்கு மேல் வெளியே வந்திருக்கும். சீக்கிரம் பிடித்தால் சிலருக்குத் தசையைத் தளர்த்தும் சின்ன அறுவையே போதும், விட்டுவிட்டால் எலும்பை வெட்டித் திருப்பி வைக்கும் பெரிய அறுவைக்குப் போக வேண்டிவரும். தெற்கு ஸ்வீடனில் 1994 முதல் எல்லாக் குழந்தைகளுக்கும் ஒழுங்காக எக்ஸ்ரே எடுத்துக் கண்காணித்தார்கள், அங்கே இடுப்பு முழுவதும் கழன்ற குழந்தையைப் பார்ப்பதே அரிதாகிவிட்டது.

இந்த வாரமே போங்கள். இடுப்புக்கு முன்பக்கமாக ஒரே ஒரு படம், இரண்டு இடுப்பும் ஒன்றாகத் தெரிய வேண்டும், கால் நேராக, முட்டிச்சில் மேலே பார்த்தபடி. பந்தில் எத்தனை சதவீதம் கிண்ணத்துக்கு வெளியே இருக்கிறது என்று அளந்து சொல்லச் சொல்லுங்கள். 'பார்த்தாச்சு, நார்மல்' என்று மட்டும் எழுதித் தந்தால் விடாதீர்கள், எண்ணைக் கேளுங்கள். 30 சதவீதத்தைத் தாண்டியிருந்தால் குழந்தைகள் எலும்பு சிகிச்சை நிபுணர் பார்க்க வேண்டும். கதிர்வீச்சை நினைத்துப் பயப்படாதீர்கள், ஒரு படத்தில் இருப்பது மிகக் குறைவு. தனியாரில் போக முடியாவிட்டால் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு சேவை மையம் எங்கே என்று கேளுங்கள், இந்தக் குழந்தைகளுக்காகவே வைத்திருப்பது. படம் பார்க்கும்வரை குதிப்பது வேண்டாம். நிற்பது, வாக்கரில் நடப்பது எல்லாம் வழக்கம்போல நடக்கட்டும். திடீரென்று காலை ஊன்றவே மறுத்தாலோ, தொடை வீங்கினாலோ, காய்ச்சல் சேர்ந்தாலோ வாரம் வரை காத்திருக்காமல் அன்றைக்கே போங்கள். பல வருடம் வலிப்பு மாத்திரை சாப்பிடும் குழந்தைகளுக்கு எலும்பு பலவீனமாகி சின்ன அடியிலேயே உடைவதுண்டு.

இன்னொன்று, இது எனக்குக் கோபம் வந்த இடம். வாட்ஸ்அப் குழுவில் யாரோ 'பாக்லோபென் காலைச் சோர வைக்கும்' என்று போட்டதால் தசை இறுக்கத்தைக் குறைக்கும் அந்த மாத்திரையில் இரண்டு வாரமாகப் பாதிதான் தருகிறீர்கள். அந்த மாத்திரையைத் திடீரென்று குறைத்தால் இறுக்கம் முன்பைவிட மோசமாகும், முழுக்க நிறுத்தினால் வலிப்பே வரலாம். உங்கள் பையனுக்கு முன்பு வலிப்பு வந்திருக்கிறது! மருந்து எழுதிய மருத்துவரை இன்றைக்கே கூப்பிட்டு நடந்ததை மறைக்காமல் சொல்லுங்கள், அளவை அவர் சொல்லட்டும், நீங்களாகக் கூட்டவும் வேண்டாம், மேலும் குறைக்கவும் வேண்டாம். 'ஒருவேளை அதனால்தான் தொடை விரியவில்லையோ' என்று உங்களுக்குத் தோன்றலாம். மாத்திரையைக் குறைத்ததால் வந்த இறுக்கம் என்றால் இரண்டு காலிலும் கூடியிருக்கும். ஒரு பக்கம் மட்டும் என்றால் நான் இடுப்பைத்தான் சந்தேகிப்பேன்.

மற்றவை சுருக்கமாக. மூளை குலுங்காது. முட்டியில் வலியில்லாமல் வரும் சடக் சத்தத்துக்கு ஒன்றும் செய்ய வேண்டாம். குதித்து உற்சாகமாகும்போது கால் விறைப்பது இந்தக் குழந்தைகளுக்கு வழக்கம், சிரித்தாலும் பயந்தாலும்கூட விறைக்கும், கொஞ்ச நேரத்தில் இறங்கிவிடும். வலிப்பு நீண்ட நாளாகக் கட்டுப்பாட்டில் இருந்தால் குதிப்பது அதைத் தூண்டாது, சமீபத்தில் வந்திருந்தால் மட்டும் தள்ளிப்போடுங்கள். குறைமாதக் குழந்தை என்பதால் ஒரு கேள்வி: பிறந்தபோது விழித்திரைக்கு லேசர் செய்தார்களா? செய்திருந்தால் குதிக்கும் முன் கண் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

சரி, டிராம்போலினால் பலன் உண்டா? உண்டு, ஆனால் வீடியோவில் காட்டுகிற மாதிரி இல்லை. இங்கிலாந்தில் எடி ஆண்டர்சன் என்ற உடற்பயிற்சி ஆசிரியர் 1969ல் இதை ஒரு சிகிச்சை முறையாக ஆரம்பித்தார், அங்கே சிறப்புப் பள்ளிகளில் இன்றும் செய்கிறார்கள். அதில் குழந்தை துள்ளிக் குதிப்பது குறைவு. பெரிய டிராம்போலினில் குழந்தையை நிற்கவோ, முட்டி போடவோ, படுக்கவோ வைத்து, பயிற்சி பெற்றவர் பக்கத்தில் நின்று மெதுவாக அசைத்துத் தருகிறார். தரை நிலையாக இல்லாததால் ஒவ்வொரு அசைவுக்கும் உடம்பு தன்னைத் திருத்திக்கொள்ள வேண்டியிருக்கிறது, முட்டி மடங்கி நீள்கிறது, தொடைத் தசைக்கு வேலை. முக்கியமாக, குழந்தைக்குப் பிடித்திருக்கிறது. பயிற்சி என்றாலே முகத்தைத் திருப்பும் குழந்தை இதை இன்னொரு தடவை கேட்கிறது, பத்து தடவை செய்கிறது, அதுவே பெரிய லாபம். இதுவரை வந்த ஆய்வுகள் சின்னவை, சமநிலையும் கால் பலமும் கொஞ்சம் கூடியதாகச் சிலவற்றில் தெரிகிறது. வாக்கரைத் தூக்கிப் போட்டுவிட்டு நடக்க வைக்கும் என்று யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். ஸ்டெம் செல் ஊசி பற்றி ஒரு வரி கேட்டிருந்தீர்கள், அதற்கும் இதே பதில்தான். பெருமூளை வாதத்துக்கு அதை ஒரு சிகிச்சையாக விற்பதை 2017ல் வந்த ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) வழிகாட்டுதல் ஏற்கவில்லை.

இடுப்பு சரியாக இருக்கிறது என்று தெரிந்தால் மறுபடி ஆரம்பிக்கலாம், ஆனால் உங்கள் இயன்முறை மருத்துவர் முன்னால், அவர் சொல்கிற அளவுக்கு. வீட்டில் அக்காவும் தம்பியும் கைகோத்துக் குதிக்கிறார்கள் என்று சந்தோஷமாக எழுதியிருக்கிறீர்கள், அதை மட்டும் நிறுத்துங்கள். அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களின் அமைப்பான அமெரிக்கன் அகாடமி ஆஃப் பீடியாட்ரிக்ஸ் 2012ல் சொன்னபடி, டிராம்போலின் காயங்களில் ஏறக்குறைய முக்கால் பங்கு ஒரே நேரத்தில் ஒன்றுக்கு மேற்பட்டவர்கள் ஏறிக் குதிக்கும்போது நடக்கிறது. பெரிய பிள்ளை இறங்கும் வேகத்தில் சின்னப் பிள்ளை தூக்கி எறியப்படும், உங்கள் பையனால் கையை ஊன்றித் தடுக்க முடியாது. அக்கா கீழே நின்று எண்ணிச் சொல்லட்டும், அவனுக்கு அதுவும் விளையாட்டுதான்.

எக்ஸ்ரே படத்தை ஆஸ்பத்திரியில் விட்டுவிடாமல் வாங்கி வீட்டில் வையுங்கள். ஆறு மாதம் கழித்து எடுக்கும் அடுத்த படத்தை இதன் பக்கத்தில் வைத்துத்தான் பார்க்க முடியும். அளந்து சொன்ன எண்ணை எனக்கும் எழுதுங்கள்.