பொன் நிற டிரில் பிட்: காசு பூச்சுக்கா, உள்ளே இருக்கும் ஸ்டீலுக்கா?

கேள்வி: ஒரே அளவு டிரில் பிட் இரண்டு பார்த்தேன். ஒன்று சாம்பல் நிறம், இன்னொன்று பொன் நிறம். பொன் நிறத்தின் பெட்டியில் ‘டைட்டானியம்’ என்று போட்டு, விலையும் கூட்டியிருக்கிறார்கள். அதை வாங்கலாமா?

பதில்: வாங்குவதற்கு முன், அந்த நிறத்துக்குக் கீழே என்ன ஸ்டீல் என்று கேளுங்கள்.

பெட்டியில் டைட்டானியம் என்று இருந்தாலும், பிட் டைட்டானியத்தால் ஆனதல்ல. நல்ல தயாரிப்பாக இருந்தால் அதன் மேல் டைட்டானியம் நைட்ரைடு பூச்சு இருக்கும். டைட்டானியமும் நைட்ரஜனும் சேர்ந்த சேர்மம் அது. பொன் நிறம் அதற்கு இயல்பிலேயே உண்டு. கனம் 2 முதல் 4 மைக்ரான்தான், தலைமுடியில் பத்தில் ஒரு பங்குகூட வராது. ஆனால் கடினம், அதை அளக்கும் விக்கர்ஸ் அளவுகோலில் 2000-க்கு மேல். வெட்டும் கருவிகளுக்கென்றே உள்ள ஹைஸ்பீடு ஸ்டீலே, நன்றாகப் பதமேற்றினாலும், 800, 900 என்றுதான் நிற்கும். கடினம் மட்டுமல்ல, உராய்வும் குறைகிறது; வெட்டிய சீவல் முனையில் ஒட்டாமல் வழுக்கிக்கொண்டு வெளியேறுகிறது. முனை சூடாகாமல் நீடிப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

இத்தனையும் அடியில் உறுதியான ஸ்டீல் இருந்தால்தான். மட்டமான ஸ்டீல் மேல் இந்தப் பூச்சு, மெத்தை மேல் வைத்த கண்ணாடித் தகடு மாதிரி. அழுத்தினால் மெத்தை அமுங்கும், கண்ணாடி உடையும். சில மலிவு பிட்களில் அந்தப் பூச்சுகூடக் கிடையாது, வெறும் நிறம்தான். என் பெட்டியிலும் அப்படி ஒன்று கிடக்கிறது. இரும்புத் தகட்டில் முதல் துளை போட்டதுமே முனை சூட்டில் நீலம் பாய்ந்துவிட்டது.

பிட்டின் தண்டில் எச்.எஸ்.எஸ். (ஹைஸ்பீடு ஸ்டீல்) என்றோ, அதன் வகைகளான எம்2, எம்35 என்றோ பொறித்திருக்கிறதா பாருங்கள். எம்35 என்றால் ஸ்டீலிலேயே சுமார் 5 சதவீதம் கோபால்ட் கலந்திருக்கும். எதுவும் எழுதாத பொன் நிற பிட்டை விட, எம்2 என்று எழுதிய சாம்பல் பிட்டைத்தான் நான் எடுப்பேன். மரத்தில் மட்டும் துளை போடுபவர் என்றால் பூச்சுக்குத் தனியாகக் காசு கொடுக்கவே வேண்டாம்.

கேள்வி: சாணை பிடித்தால் பூச்சு போய்விடுமே?

பதில்: சாணைக்கல் பட்ட முனைப் பரப்பில் மட்டும் போகும். சீவல் ஏறி வரும் திருகுப் பள்ளத்தில் அப்படியே இருக்கும். ஆகவே பலன் குறையுமே தவிர, முழுவதும் போகாது. கோபால்ட் பிட்டில் இந்தக் கவலையே இல்லை.

கேள்வி: அலுமினியம் வெட்ட, ‘உயர்தரப் பூச்சு’ என்று கருஊதா நிற எண்ட் மில் (மில்லிங் எந்திரத்தில் சுழன்று வெட்டும் கருவி) ஒன்றை வாங்கினேன். பூச்சில்லாத பழைய கருவியை விட மோசமாக, அலுமினியம் அப்பிக்கொள்கிறது. ஏன்?

பதில்: அந்த நிறத்தில் பெரும்பாலும் வருவது டைட்டானியம் அலுமினியம் நைட்ரைடு. பூச்சு நல்லதுதான், ஆனால் இந்த வேலைக்கானது அல்ல. அதன் பலம் சூட்டைத் தாங்குவது. சாதாரண டைட்டானியம் நைட்ரைடு 500, 600 டிகிரியிலேயே ஆக்சிஜனோடு சேரத் தொடங்கிவிடும். இது சுமார் 800 வரை தாங்கும். சூடேறும்போது மேலே அலுமினியம் ஆக்சைடு படலம் உருவாகி அதுவே கவசமாகிறது. கடினமான ஸ்டீலை வேகமாக வெட்டும்போதுதான் இது கைகொடுக்கும். அலுமினியம் வெட்டும்போது, பூச்சில் உள்ள அலுமினியமே வினையாகி ஒட்ட வைக்கிறது. மெருகேற்றிய, பூச்சில்லாத கார்பைடு (ஸ்டீலை விடக் கடினமான பொருள்) எண்ட் மில் எடுங்கள். பூச்சு வேண்டும் என்றால் வெளிர் பொன் நிற சிர்கோனியம் நைட்ரைடு சரிவரும்.

கேள்வி: ‘பி.வி.டி. கோட்டிங், கீறல் விழாது’ என்கிறார்கள். வாட்ச் வாங்க நம்பலாமா?

பதில்: பாதி நம்பலாம். பி.வி.டி. என்பது வெற்றிடத்தில் ஆவியாக்கிப் படிய வைக்கும் முறையின் பெயர். எதைப் படிய வைத்தார்கள் என்பதை அது சொல்லாது; அதை நீங்கள்தான் கேட்க வேண்டும். நைட்ரைடு என்றால் நல்லது. தூசியில் இருக்கும் மணல்துகள் சுமார் 1100 விக்கர்ஸ், வாட்சின் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் 200 அளவில்தான். அன்றாடம் விழும் மெல்லிய கீறல்களுக்குக் காரணமே அந்த மணல்தான். நைட்ரைடு அதை விடக் கடினம், அதனால் தாங்கும். ஆனால் கதவு நிலையில் ஓங்கி இடித்தால் அடியில் ஸ்டீல் குழியும், அதோடு பூச்சும் விரியும். அப்புறம் அதைப் பாலிஷ் போட்டு மறைக்க முடியாது. பாலிஷ் போட்டால் பூச்சும் நிறமும் சேர்ந்து போகும். உத்தரவாதத்தில் ‘பூச்சு’ என்ற சொல் இருக்கிறதா என்று படித்துப் பாருங்கள். பல சமயம் எந்திரத்துக்கு மட்டும்தான் இருக்கும்.

கேள்வி: பூச்சு போட்ட கருவி துருப்பிடிக்காது இல்லையா?

பதில்: பிடிக்கும். நைட்ரைடு துருப்பிடிக்காது, ஆனால் அதில் கண்ணுக்குத் தெரியாத ஊசித்துளைகள் உண்டு. ஈரம் அதன் வழியே இறங்கி அடியில் இருக்கும் ஸ்டீலை அரிக்கும். வேலை முடிந்ததும் துடைத்து, ஒரு சொட்டு எண்ணெய் தடவி வையுங்கள்.