மார்பை அழுத்தத் தயங்க வேண்டாம்

கேள்வி: இதயநோயுள்ள என் மாமனார் திடீரென மயங்கி விழுந்தால், பயிற்சி பெறாத நான் அவருடைய மார்பை அழுத்தலாமா? விலா எலும்பு முறிந்துவிடாதா?

பதில்: தாராளமாக அழுத்தலாம். தோளைத் தட்டி அழைத்தும் அசைவில்லாமல், மூச்சின்றிக் கிடந்தாலோ, விட்டுவிட்டுத் திணறினாலோ (இந்தத் திணறலைச் சுவாசம் என்று நம்பித்தான் பலர் காத்திருந்துவிடுகிறார்கள்), உடனே 108-ஐ அழைத்துவிட்டு, அவரைத் தரையில் மல்லாக்கக் கிடத்துங்கள். மெத்தையில் அழுத்தினால் பலன் குறையும். நெஞ்செலும்பின் கீழ்ப்பாதியில் உள்ளங்கையின் அடிப்பகுதியை ஊன்றி, அதன்மேல் மறுகையை வைத்து, முழங்கை மடங்காமல் 5 முதல் 6 செ.மீ. ஆழத்துக்கு, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்தி, ஒவ்வொரு முறையும் மார்பு முழுமையாக மேலெழ விடுங்கள். வாயோடு வாய் வைத்து ஊதத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. விலா முறியக்கூடும்தான், அதற்காக நிறுத்த வேண்டாம், எலும்பு பின்னர் கூடிவிடும். அருகில் வேறொருவர் இருந்தால், 2 நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாறி, ஆம்புலன்ஸ் வரும்வரை தொடருங்கள்.