மேலதிகாரியின் உத்தரவும் விசுவாசமும் மோதினால், கிறிஸ்தவனுக்குத் தைரியம் எங்கிருந்து வரும்?

கேள்வியை வாசித்ததும், உங்களிடம் ஏதோ ஒரு பொய்க் கையெழுத்தைக் கேட்டு நெருக்குகிறார்கள் என்றே தோன்றியது. என்னிடமும் கேட்டார்கள்.

வராத சரக்கு வந்துவிட்டதாகப் பதிவேட்டில் எழுதச் சொன்னார் மேலதிகாரி. “எல்லாரும் போட்டாச்சு, உங்களுக்கு மட்டும் என்ன?” என்றார். “பார்க்காத சரக்குக்கு என்னால கையெழுத்துப் போட முடியாது சார். வேற எந்த வேலை கொடுத்தாலும் செய்றேன்” என்றேன். கை நடுங்கியது. ஆனால் பதில் முந்தைய வாரமே முடிவாகியிருந்தது. மனைவியிடம் சொல்லியாகிவிட்டது, ஜெபக்குழுவிலும் சொல்லியிருந்தேன். வேதாகமத்தில், பாபிலோன் அரண்மனைக்குக் கொண்டுபோகப்பட்ட தானியேலும், தன்னைத் தீட்டுப்படுத்தும் ராஜாவின் போஜனம் வேண்டாமென்று முதலில் இருதயத்தில் தீர்மானித்தான். அதற்குப் பிறகுதான் அதிகாரியிடம் போய், பத்து நாள் சோதித்துப் பாருங்கள் என்று பணிவாகக் கேட்டான்.

அப்போஸ்தலர் 4-ஆம் அதிகாரத்தை நிதானமாக வாசியுங்கள். இயேசுவின் பெயரில் பேசக்கூடாது என்று மிரட்டி அனுப்பப்பட்ட சீஷர்கள் பேதுருவும் யோவானும் நேரே தங்களைச் சேர்ந்தவர்களிடம் போகிறார்கள். மிரட்டல் நீங்க வேண்டும் என்று அவர்கள் ஜெபிக்கவில்லை, தைரியமாய்ப் பேச அருள் வேண்டும் என்றே கேட்கிறார்கள். ஒரு வேலைக்காரியின் முன் ஆண்டவரை மறுதலித்த பேதுருவுக்கே கேட்டுத்தான் கிடைத்தது.

உடனே சிலர், அதிகாரமுள்ளவர்களுக்குக் கீழ்ப்படியச் சொல்லும் ரோமர் 13-ஐத் தூக்கிக்கொண்டு வருவார்கள். நான் அதிகாரத்தை எதிர்க்கச் சொல்லவில்லை. மனுஷரைவிடத் தேவனுக்கே கீழ்ப்படிய வேண்டும் என்ற அதே பேதுருதான் ராஜாவைக் கனம்பண்ணுங்கள் என்றும் எழுதினார். பிடிக்காத வேலையைத் தட்டிக்கழிக்க விசுவாசத்தைச் சாக்காக்குவதும் வேறு விஷயம்.

என்னை வேறு பிரிவுக்கு மாற்றினார்கள், பதவி உயர்வு நின்றது, இன்றுவரை வரவில்லை. அது கூட வலிக்கவில்லை. சபையில், தேவன் செய்த நன்மையை எழுந்து சொல்லும் சாட்சி நேரம்தான் வலிக்கிறது. வேலை உயர்வு வந்தவர்களுக்கே மைக் போகிறது. என் கதையைச் சொன்னபோது ஒரு மூப்பர், “விசுவாசம் பத்தலை தம்பி” என்றார். விசுவாசத்தில் நின்றவர்களை வரிசையாகச் சொல்லும் எபிரெயர் 11-இல், பட்டயத்துக்கு (வாளுக்கு) தப்பினவர்களும் பட்டயத்தால் வெட்டப்பட்டவர்களும் ஒரே பட்டியலில்தானே இருக்கிறார்கள்? தப்பாதவர்களின் விசுவாசம் குறைந்தது என்று அங்கே எங்கே இருக்கிறது?

நீங்கள் இன்றே வீட்டில் சொல்லிவிடுங்கள். சம்பளம் நின்றால் என்ன செய்வது என்று சேர்ந்து பேசுங்கள். உங்களோடு ஜெபிக்கக்கூடிய ஓரிருவரைத் தேடுங்கள். மறுப்பை மரியாதையாக, எழுத்தில் கொடுத்து நகல் வைத்துக்கொள்ளுங்கள்.